என் குழாயில் மட்டும் இரத்தம் திரண்டது

போன வருடம் மாரி மழை தொடங்கியிருந்த நேரம். மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கும் சிறிய கல்லூரியில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஊர் மறிச்சுக்கட்டி. வகுப்பு நாட்களில் மன்னாரில் ராத்தா வீட்டில் தங்குவேன். சனி, ஞாயிறு ஊருக்குப் போய் வாப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன்.

ராத்தா என் ஒரே அக்கா. அவளுக்கு அப்போது நிறைமாதம், இரண்டாவது பிள்ளை. மூத்தவனை வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள், ஆனால் அப்போது இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. இந்த முறை நஞ்சுக்கொடி கீழே கிடக்கிறது, சத்திரசிகிச்சையின்போது இரத்தம் கூடப் போகலாம், ஆட்களைத் தயாராக வைத்திருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ராத்தாவின் கணவர், எங்கள் மச்சானுக்குக் கட்டாரில் வேலை. உம்மா ஊரிலிருந்து வந்து ராத்தாவோடு நின்றார். இரத்தத்தைப் பற்றி எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. ராத்தாவின் அட்டையில் ஓ பொசிட்டிவ் என்று இருந்தது. எங்கள் அண்ணன், நானாவும் ஓ, நானும் ஓ. “ஒரு வாளி வேணுமெண்டாலும் நான் தருவன்” என்று நானா வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

வகுப்பிலும் என் இரத்தத்துக்குத்தான் கிராக்கி. இரத்த வகை பார்க்கிற செய்முறையை எங்கள் மிஸ் இரண்டு பக்கமாகவும் செய்யச் சொல்லுவார். முதலில் ஆளின் சிவப்பணுவை எடுத்து மருந்து விட்டுப் பார்ப்பது. அதோடு விடாமல், அதே ஆளின் சீரத்தை, அதாவது மேலே தெளிந்து நிற்கும் நீரை, ஏ, பி, ஓ என்று தெரிந்த அணுக்களோடு தனித்தனிக் குழாயில் கலந்து பார்ப்பது. எது திரண்டு கட்டிப்படுகிறது, எது கலங்கி நிற்கிறது என்பதுதான் விடை. ஓ அணு விட்ட குழாய் யாருக்கும் திரளக்கூடாது. திரண்டால் செய்தவர் எங்கேயோ பிழை விட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த அணுக்களைக் கடையில் வாங்க எங்கள் கல்லூரிக்கு வசதி இல்லை. எங்கள் கைகளில்தான் எடுப்போம். என் கை நரம்பு கயிறு மாதிரிப் புடைத்து நிற்கும், புதிதாக ஊசி பிடிக்கிறவளுக்கும் தப்பாது. அதனால் ஓ அணு என்றால் எப்போதும் என் கைதான். “வகுப்புக்கு நேர்ந்துவிட்ட கிடா” என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்தத் திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்த பஸ் சிலாவத்துறையைத் தாண்டியதும் டயர் போய் நின்றுவிட்டது. நான் மூச்சிரைக்க மாடிப்படி ஏறிப் போகும்போது செய்முறை தொடங்கியிருந்தது. எனக்குப் பதிலாக ஓலைத்தொடுவாயிலிருந்து வரும் சிநேகிதி கையை நீட்டியிருந்தாள். அவளும் ஓ. அன்றைக்கு வகுப்புக்கு முழுக்க அவளுடைய அணுதான்.

நான் என் இரத்தத்தையே எடுத்து, சீரத்தைப் பிரித்து, மூன்று குழாயிலும் விட்டுச் சுழற்றினேன். தூக்கி மெல்ல ஆட்டிப் பார்த்தால், ஏ திரண்டிருந்தது, பி திரண்டிருந்தது, சரி. ஓவும் திரண்டிருந்தது. அதுவும் கொஞ்ச நஞ்சமில்லை, ஒரே கட்டி.

மிஸ்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எங்களைவிடச் சில வயதுதான் மூத்தவர், ஆனால் பிழை என்று வந்தால் விடமாட்டார்.

“குழாயை வடிவாக் கழுவினனீரோ?” என்றார்.

“கழுவினனான் மிஸ்.”

“பிந்தி வந்த அவசரத்தில ஏதோ குழப்பிப் போட்டீர். ஊத்திப்போட்டுத் திரும்பச் செய்யும்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை மறைக்கத் தேவையில்லை. குழாயை ஊற்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, “நான் பிழை விடயில்ல மிஸ். அவளிட இரத்தத்திலதான் ஏதோ கோளாறு” என்றேன். ஓலைத்தொடுவாய்க்காரி விடுவாளா. “எல்லாருக்கும் என்ர இரத்தம் சரியா வந்திருக்கு, உனக்கு மட்டும்தான் கோளாறு” என்றாள். பார்த்தால் அவள் சொன்னது உண்மை. மற்ற எல்லோரின் ஓ குழாயும் அழகாகக் கலங்கி நின்றது.

புதிய குழாய் எடுத்துத் திரும்பச் செய்தேன். திரண்டது. அவள் செய்து பார்த்தாள், திரண்டது. மிஸ்ஸும் ஓதான். “சரி, என்ர இரத்தத்தில பாப்பம்” என்று தன் கையில் எடுத்துத் தானே செய்தார். என் சீரம் பட்டதும் மிஸ்ஸின் அணுவும் ஒரு கட்டியாகத் திரண்டு விழுந்தது. கடைசியில் என் சீரத்தோடு என் சொந்த அணுவையே கலந்து பார்த்தார். அது மட்டும் ஒன்றும் ஆகாமல் கலங்கி நின்றது.

மிஸ் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் முகம் மாறிவிட்டது. “பிள்ளை, உம்மட உம்மாவும் வாப்பாவும் சொந்தமோ?” என்று கேட்டார்.

சொந்தம்தான். வாப்பா கட்டினது தன் மாமி மகளை. ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு நடுவில் குடும்பக் கதை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

“ஏ, பி எண்டுறது வீட்டுக்குப் போடுற கூரை மாதிரி எண்டு வையுங்கோ” என்று எல்லோருக்கும் சொன்னார் மிஸ். “ஓ ஆக்களுக்குக் கூரை இல்லை, ஆனா அத்திவாரம் இருக்கு. இவவுக்கு அத்திவாரமே இல்லை. அதாலதான் அத்திவாரம் இருக்கிற எந்த இரத்தத்தையும் இவவின்ர உடம்பு எதிரியாப் பாக்குது. இதுக்குப் பேர் பம்பாய் இரத்த வகை. சொந்தத்துக்குள்ள கட்டின ஆக்களின்ர பிள்ளையளுக்குத்தான் இது கூட வாறது. சாதாரணமாப் பாத்தா ஓ எண்டுதான் காட்டும். நான் படிச்சிருக்கிறன், இண்டைக்குத்தான் கண்ணால பாக்கிறன்.”

வகுப்பு கொந்தளித்துவிட்டது. குழாயைப் படம் எடுத்தார்கள், என்னைப் படம் எடுத்தார்கள். “அத்திவாரம் இல்லாதவளே” என்று ஓலைத்தொடுவாய்க்காரி என்னைக் கட்டிப்பிடித்தாள். இவ்வளவு நாளும் என் அணுவை வைத்தே செய்ததால்தான் இது பிடிபடாமல் இருந்திருக்கிறது. எனக்குக் கால் நிலத்தில் இல்லை. ஆயிரமாயிரம் பேரில் ஒருவருக்கு இருப்பது மறிச்சுக்கட்டியில் பிறந்த எனக்கு இருக்கிறதென்றால் சும்மாவா.

அப்போதுதான் மிஸ் அமைதியாகக் கேட்டார், “கூடப் பிறந்த ஆக்கள் இருக்கினமோ?”

என் சிரிப்பு அப்படியே நின்றது. அடுத்த கிழமை ராத்தாவுக்கு சத்திரசிகிச்சை. அவளும் ஓ என்றுதான் அட்டையில் இருக்கிறது. அவளும் என்னைப் போலவே என்றால், நானாவின் இரத்தம் ஏறினால் போதும், அவளே போய்விடுவாள்.

“பயப்பிடாதையும். ஏத்த முதல் ஆஸ்பத்திரியில பொருத்திப் பாப்பினம், பொருந்தாட்டி ஏத்தமாட்டினம்” என்றார் மிஸ். “ஆனா அண்டைக்குத் தெரிஞ்சா இரத்தத்துக்கு எங்க போறது? இப்பவே போங்கோ. நாங்கள் படிக்கிற இடம், எங்கட விடை விடையில்லை. இரத்த வங்கியில சொல்லட்டும்.” சொல்லிக்கொண்டே அங்கே வேலை செய்யும் தன் கூட்டாளிக்குப் போன் எடுத்தார்.

நான் ஓடினேன். ராத்தா முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். “எழும்பு ராத்தா, ஆஸ்பத்திரிக்கு” என்றதும், “உனக்குப் பைத்தியமா, கிளினிக் வியாழக்கிழமை” என்றாள். விளங்கப்படுத்த நேரமில்லை. மீன் கையோடு ஓட்டோவில் ஏற்றினேன். உம்மா என்ன ஏதென்று தெரியாமலே துஆ ஓதிக்கொண்டு பின்னால் ஏறினார். வழியில் கழுதைகள் இரண்டு நடுரோட்டில் நின்றுகொண்டு அசையவில்லை. நானே இறங்கித் தள்ளினேன்.

இரத்த வங்கியில் ராத்தாவிடம் இரத்தம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மிஸ்ஸின் கூட்டாளியான அண்ணா, ராத்தாவின் சீரத்தோடு ஓ அணு விட்ட குழாயைச் சுழற்றி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி மெல்ல ஆட்டினார். வேறு யாராவது பார்த்தால் சிவப்பு நீர் என்றுதான் நினைப்பார்கள். நான் படித்தவள். சிவப்பு கலங்காமல் ஒரே கட்டியாக அடியில் புரண்டதை அவ்வளவு தூரத்திலிருந்தே கண்டுவிட்டேன். அவர் வெளியே வந்து வாய் திறக்கும் முன்பே நான் அழுதுவிட்டேன்.

அன்று மாலையே நானாவையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் சாதாரண ஓ. வாளி வாளியாகத் தருவேன் என்றவன் வாசலில் தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ராத்தாவின் இரத்தமும் என் இரத்தமும் கொழும்புக்குப் போய், அங்கேயும் அதுதான் என்று உறுதியாகிவிட்டது. குறைந்தது இரண்டு பை வேண்டும் என்றார் டொக்டர். ஒன்று நான். மற்றதற்கு, இந்த வகை உள்ளவர்களை விசாரித்துத் தேடத் தொடங்கினார்கள்.

இதற்குள் எனக்கு வந்த சோதனையைக் கேளுங்கள். இரத்தம் கொடுக்க ஐம்பது கிலோ இருக்க வேண்டும். தாதி என்னைத் தராசில் ஏற்றினால் முள் ஐம்பதைத் தொடாமல் நிற்கிறது. “சாப்பிட்டிட்டு வாங்கோ” என்று திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு வீட்டில் நடந்தது ஒரு யுத்தம். உம்மா வட்டிலப்பம் ஊட்டுகிறார். நானா நண்டும் ஈரலும் வாங்கி வருகிறான். பேரீச்சம்பழத்தை வகுப்புக்கே கொண்டுவந்து வாயில் திணிக்கிறாள் ஓலைத்தொடுவாய்க்காரி. ராத்தா தன் பெரிய வயிற்றோடு எனக்கு எதிரில் இருந்து, “நான் பிள்ளைத்தாச்சியா, நீ பிள்ளைத்தாச்சியா” என்று சிரிக்கிறாள். அவள் சிரித்தாள்தான், ஆனால் இரவில் என் கையைப் பிடித்துக்கொண்டு படுத்தாள்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் தராசு என்னை ஏற்றுக்கொண்டது. அப்படியொரு சந்தோசத்தில் யாரும் ஊசிக்குக் கை நீட்டியிருக்கமாட்டார்கள். நான் படுத்திருக்கும்போதே பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவரைக் கூட்டி வந்தார்கள். குருநாகலில் தேங்காய் வியாபாரம் செய்பவராம், சிங்கள ஐயா. தகவல் கிடைத்ததும் பஸ் ஏறி வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. தன் கையையும் என் கையையும் மாறி மாறிக் காட்டி, “அபி எகம லே, நங்கி” என்றார். நாங்கள் ஒரே இரத்தம், தங்கச்சி என்று அர்த்தம். எதையும் வாங்க மறுத்துவிட்டார். உம்மா மட்டும் விடவில்லை, ஒரு பார்சல் கருவாட்டை அவர் பையில் திணித்துத்தான் பஸ் ஏற்றினார்.

மறுநாள் டொக்டர் பயந்த மாதிரியே நடந்தது. பிள்ளை சுகமாக வந்துவிட்டது, பெண் பிள்ளை. ஆனால் ராத்தாவுக்கு இரத்தம் நிற்கவில்லை. இரண்டு பையும் ஏறியது. கதவுக்கு வெளியே நாங்கள் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு டொக்டர் வெளியே வந்து, “இரத்தம் கையில இருந்தபடியால் தப்பினா” என்றார். நானா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ராத்தா கண் விழித்து, நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, தளர்ந்த குரலில் சொன்ன முதல் வார்த்தை, “உன்ர இரத்தம் ஏறியிருக்கா? இனி எனக்கும் வாய் நீளப்போகுது.” நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

இப்போது பயிற்சி முடித்து வேலைக்கும் போகிறேன். கணக்குக்குச் சரிவராத விடை ஒன்று வந்தால் மற்றவர்கள் சலித்துக்கொண்டு குழாயைக் கழுவப் போவார்கள். அன்றைக்கு அந்தக் குழாயை மிஸ் சொன்னபடி ஊற்றியிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிற எனக்கு மட்டும், அது யாருடைய இரத்தம், அவருக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் குழாயைக் கையிலிருந்து விட மனம் வருவதில்லை.