கசப்புத் தண்ணீரும் கெமிஸ்ட்ரி வாத்தியாரும்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மெக்னீசியத்தைப் பத்தொன்பது வருடங்களாக நடத்துகிறேன். அதன் கடைசிக் கூட்டில் இரண்டே எலக்ட்ரான்கள். இரண்டையும் யாரிடமாவது கொடுத்தால்தான் அதற்கு நிம்மதி. ஆக்சிஜன் என்றால் ஒன்றே இரண்டையும் வாங்கிக்கொள்ளும். குளோரினுக்கு ஒன்றுதான் வேண்டும் என்பதால் இரண்டு குளோரின் தேவை. அதுதான் மெக்னீசியம் குளோரைடு. இதை நான் விளக்கினால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும். அந்தத் திமிரோடுதான் போன கோடை லீவில் மரக்காணத்து உப்பளத்தில் கால் வைத்தேன்.

மனைவியின் தம்பி அந்த அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். பைக்கிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு அனுமந்தையில் வீட்டோடு படுத்திருந்தான். "பத்து நாள் பாத்துக்குங்க மாமா" என்றான். அப்போது பாத்திகளில் விளைந்துகொண்டிருந்த உப்பு நல்லபடியாக லாரி ஏறினால்தான் அளம் அவன் கையில் நிற்கும்.

மூன்றாம் நாள், அங்கே வேலை பார்க்கும் அக்கா பாத்தியில் கைவிட்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார்.

"எண்ணெ மாதிரி வழுக்குது சார். கசப்புத் தண்ணி ஆயிடுச்சு. தொறந்து வுட்டுடலாம்."

"இன்னும் அதுல உப்பு இருக்குதே. காயட்டும்" என்றேன்.

உப்பு முதலில் படியும், கசக்கிற மெக்னீசியம் குளோரைடு கடைசிவரை தண்ணீரிலேயே கிடக்கும் என்பது நானே தேர்வில் கேட்கும் கேள்வி. ஆனால் வெள்ளையாகப் படிவதைப் பார்த்ததும் எனக்கு ஆசை விடவில்லை. தண்ணீர் வற்ற வற்ற, கசப்பெல்லாம் உப்போடு ஒட்டிக்கொண்டது.

வாரிக் குவித்ததும் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து மனைவிக்கு அனுப்பினேன். மறுநாள் காலை குவியல் வியர்த்து வழிந்தது. மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதையும் நான்தான் நடத்துகிறேன். உப்பு வாங்க வந்தவர் ஒரு கல்லை வாயில் போட்டுத் துப்பினார். "வாத்தியாரே, இது உப்பா, பேதி மருந்தா?" என்று கேட்டுவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சேதி கேட்டு மச்சான் ஆட்டோவில் வந்து இறங்கினான். "யாரு தண்ணிய வுடாம வெச்சது?"

அக்கா என்னைப் பார்த்தார். வீட்டு மாப்பிள்ளையை அந்தக் குடும்பத்தில் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டார்கள், உண்மையைச் சொன்னாலும் பழி தன்மேல்தான் விழும் என்று அவருக்குத் தெரியும்.

"நான்தான் மறந்துட்டேம்பா" என்றார்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளை முட்டி போட வைப்பவன் நான். அன்று என் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அக்காவும் இன்னும் நாலு பெண்களும் பக்கத்துப் பாத்தியின் கெட்டியான உப்புத் தண்ணீரை மொண்டு குவியல்மேல் ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு நிறைந்திருப்பதால் குவியல் கரையாது, கசப்பை மட்டும் கழுவிக்கொண்டு போகும். அக்காவின் குதிகால் வெடிப்புகளில் அது எரிந்தது. நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு.

லாரி மறுபடி வந்து உப்பை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் மச்சானிடம் வாய் திறந்தேன். "தண்ணிய வுடாதீங்கன்னு சொன்னது நான்தான்."

"தெரியும் மாமா. அந்தக்கா ஒரு நாளும் மறந்தது கிடையாது. நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

கூனிக் குறுகிப்போனேன். அக்கா ஒரு வாளி நல்ல தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே போய் நின்றேன். குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தேன்.

"அடுத்த தபா சொன்னா கேட்டுக்குங்க சார்" என்றார், காலை எடுக்காமலே.