மாஸ்டர் கம்ப்யூட்டரில் நான் வைத்த பஞ்சாங்கம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தேன். அடுப்பு, பஸ், கோவில், பக்கத்து வீடு என்று வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசுகிறவள்தான். இதை மட்டும் தள்ளித் தள்ளி வைத்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை — தப்பு செய்தது நான்.

போன செவ்வாய்க்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஜெயசீலியைப் பார்த்தேன். மதுரை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவள் ஓடி வந்து, "அக்கா, நல்லா இருக்கீகளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யார் ஜெயசீலி? சொல்கிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் நான் உதவியாளர். பிளஸ் டூவும் டைப்ரைட்டிங் ஹையரும்தான் என் படிப்பு. பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுப்பேன், அறையைப் பார்த்துக்கொள்வேன். ஐந்து வருஷத்துக்கு முன்பு புதிதாக முப்பத்திரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றைத் தயார் செய்ய வந்த டெக்னீஷியன் ஜெயசீலி. மூன்று மாதம் தற்காலிகம். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குத் தேர்வு. அதற்குள் எல்லாம் ஓட வேண்டும்.

முப்பத்திரண்டிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து ஏற்றமாட்டார்களாம். ஒரே ஒரு மாஸ்டர் கம்ப்யூட்டரில் வேண்டியதையெல்லாம் போட்டு, அதன் சொந்த அடையாளங்களை நீக்கிவிட்டு, அப்படியே ஒரு பிரதி எடுப்பார்கள். அதற்குப் பெயர் இமேஜ். அதை மற்றவற்றில் இறக்கினால் வேலை முடிந்தது. அடையாளத்தை நீக்குவதற்கு 'சிஸ்பிரெப்' என்று ஒரு புரோகிராம்.

டைப்பிங் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்க, மாஸ்டரில் எனக்கும் ஒரு லாகின் கொடுத்திருந்தாள். வியாழக்கிழமை காலையில் மஞ்சள் குங்குமம் வைத்தேன். புது மெஷின் இல்லையா? அதோடு நிறுத்தியிருக்கலாம். என் லாகினில் போய் ஒரு பஞ்சாங்க ஆப்பையும் இறக்கி வைத்தேன். திறந்தவுடன் ஆண்டாள் தாயார் படம் வரும். கீழே அன்றைய நல்ல நேரம் வரும். மாஸ்டரில் இருந்தால் முப்பத்திரண்டிலும் இருக்குமே... நல்ல எண்ணம்தான்.

மதியம் சிஸ்பிரெப் நின்றுவிட்டது. 'சரிபார்க்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி. ஜெயசீலி ரீஸ்டார்ட் செய்தாள், நெட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். மறுபடியும் அதே பெட்டி. நேரமில்லை, முதலிலிருந்தே போட்டுவிடலாம் என்று எல்லாவற்றையும் அழித்து, வெள்ளிக்கிழமை காலையில் புதிதாக ஏற்றி, எனக்கும் திரும்ப லாகின் கொடுத்தாள்.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆப்பைக் காணோமே என்று திரும்பவும் போட்டு வைத்தேன்! வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தாயார் படம் இல்லாமல் இருக்கலாமா?

திரும்பவும் அதே பெட்டி. மேனேஜர் வந்து தலைக்கு மேல் நின்றார்.

"என்னம்மா, இன்னுமா ஓடல? ராகு காலத்துல கை வச்சியோ? நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ள, ஒனக்கு அதெல்லாம் தெரியாது."

"சார், கம்ப்யூட்டரு எந்த வேதத்துலயும் சேரல. செத்த நேரம் விடுங்க, பாக்கேன்."

"எம்புட்டு நேரம்? ரெண்டு நாளா இதத்தான சொல்லுத!"

அவர் போன பிறகு, "புதுசா ஏத்துனதுலயும் வருதுன்னா என் கையிலதான் ஏதோ தப்புக்கா" என்றாள். இந்த வேலையை நம்பித்தான் தம்பியைக் காலேஜில் சேர்த்திருந்தாள்.

சனிக்கிழமை காலை. கம்ப்யூட்டர் தான் செய்ததையெல்லாம் தானே எழுதி வைக்கும் ஒரு லாக் ஃபைல் உண்டு. ஆயிரக்கணக்கான வரிகள். அதை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, பஞ்சாங்கம் போட்டீகளா?"

"ஆமா... எல்லாத்துக்கும் இருக்கட்டுமேன்னு..."

"எல்லாத்துக்கும் போகாதுக்கா. ஒரு ஆளுக்கு மட்டும் போட்ட ஆப்பு இது, எல்லாருக்கும் போடலன்னு எழுதியிருக்கு பாருங்க. அதுக்குத்தான் சிஸ்பிரெப்பு அடம் பிடிக்கு. ஒங்க பாஸ்வேர்டப் போட்டு நீங்களே எடுத்துருங்க."

எல்லோருக்கும் என்று நினைத்துத்தான் வைத்தேன். மெஷினின் கணக்கில் அது எனக்கு மட்டும்! பல நல்ல காரியங்களில் நாம் இப்படித்தான் இருக்கிறோமோ, என்னவோ?

நீக்கு என்ற பொத்தானுக்கு மேல் என் விரல் நின்றுவிட்டது. தாயார் படமாயிற்றே...

"சாமிய எடுக்கலக்கா, ஆப்பத்தான் எடுக்கோம்" என்றாள் ஜெயசீலி.

எடுத்தேன். அவள் சிஸ்பிரெப்பைத் தட்டப் போகும்போது மேனேஜர் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். வாசலில் நறுக்கிக் குங்குமம் தடவி வைத்தார். சிஸ்பிரெப் ஓடியது. "பாத்தீகளா!" என்றார்.

ஜெயசீலி என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலைக்குள் முப்பத்திரண்டும் தயார். தேர்வும் நடந்தது. ஆனால் மூன்று மாதம் முடிந்ததும், "நல்ல பிள்ளதான், கைராசி இல்ல" என்று அவளை அனுப்பிவிட்டார்கள். அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை; அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. என் வேலை போய்விடும் என்ற பயமா? அது இருந்தது. அதைவிட, சாமி பெயரைச் சொல்லி நான் செய்தது ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. தினமும் விளக்கேற்றுகிறவள்தான் நான். தினமும் அதை மட்டும் தாயாரிடம் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். இப்போது மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்க்கிறாளாம்.

"அதுக்கு முந்தி எட்டு மாசம் வேலையில்லாமக் கெடந்தேன்க்கா. பொய் சொல்ல மாட்டேன், அப்ப ஒங்க மேல கோவந்தான்."

"இத எழுதட்டுமா?"

"எழுதுங்க. ஆனா என்னயப் பாவப்பட்ட பிள்ளையா எழுதிராதீங்க."

மறுநாளே மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்பிடியா? இருந்தாலும் பழம் நறுக்குனது நல்லதுதானம்மா" என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். பிழை செய்தது நான்; கண்டுபிடித்துச் சரிசெய்தது ஜெயசீலி — வழியில் எங்கேயும் ஆளை மட்டும் மாற்றிவிடாதீர்கள்!