ஐஸ் பெட்டியில் வைத்த இன்சுலின்

பன்னிரண்டு வயதிலிருந்தே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவள் நான். கல்யாணமானதும் கோவையில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம்.

"தாராளமா குழந்தை பெத்துக்கலாங்க. ஆனா முதல்ல சுகர் கட்டுக்குள்ள வரணும். அதுவரைக்கும் தள்ளிப் போடுங்க" என்றார்.

குழந்தை பெறலாம் என்று ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்! அந்தச் சந்தோஷத்தில் என் கணவர் மறுவாரமே அன்னூரில் எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கி வந்தார். அதுவரை மண்பானையில் இருந்த இன்சுலினை அவரே உள்ளே வைத்தார்.

வாயைக் கட்டி, வேளை தவறாமல் ஊசி போட்டேன். ஆனாலும் பத்தே நாளில் சுகர் எகிறி, தாகமும் மயக்கமுமாகப் படுத்துவிட்டேன். ஆசையெல்லாம் அவ்வளவுதான் என்று அழுதேன். மறுபடி அதே டாக்டரம்மாவிடம் போனோம்.

"மருந்தை எங்க வைக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

என் கணவர் முந்திக்கொண்டார். "மேல ஐஸ் பெட்டியிலதானுங்க. கல்லாட்டம் உறைஞ்சுபோகுமுங்க. இளக வெச்சுத்தான் போடறோமுங்க!"

"ஐயோ! உறைஞ்சுபோனா அந்த மருந்து வேலை செய்யாதுங்க!"

புது மருந்து வாங்கி ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்தோம். சில மாதங்களில் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "இனித் தள்ளிப் போட வேண்டாங்க" என்று சிரித்தார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் எந்த மருந்தானாலும், அதை எங்கே வைப்பது என்று கேட்காமல் கடையை விட்டு நகர்வதில்லை. இதை எழுதும்போது எனக்கு ஐந்தாவது மாதம்!