அட்ஜஸ்ட் என்ற வினைச்சொல்லும் என் மனைவியும்

கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மலைக்குளிர் எனக்குப் பிடித்துப்போய் கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற ஊரில் வீடு வாங்கினேன். என் மனைவிக்கோ குளிர் வந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். மலைப் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவாள். அவள் எதைச் சொன்னாலும் என் பதில் ஒன்றுதான்: “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க.”

தை மாதம் நாமக்கல்லில் மகள் வீட்டுக்குப் போனவள், சித்திரை முடிந்தும் திரும்பவில்லை. போனில் கேட்டால் “பார்க்கலாங்க” என்பாள். இனி வரவே மாட்டாளோ என்று பயம் பிடித்துக்கொண்டது.

பயம் வந்தால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள். நான் அகராதியை எடுத்தேன். அட்ஜஸ்ட் என்பது நீதியைக் குறிக்கும் ‘ஜஸ்ட்’ என்ற சொல்லோடு உறவுள்ளது என்றே அதுவரை நம்பியிருந்தேன். எனக்கு வசதியான நம்பிக்கை. அகராதி வேறு சொன்னது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல்லாம். அதன் லத்தீன் வேருக்குப் பொருள் ‘பக்கத்தில்’. கிட்டக் கொண்டுவருவதுதான் அட்ஜஸ்ட். அந்தச் சொல்லை வைத்தே அவளை மலையிறக்கி அனுப்பியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டேன். எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது பஸ் நிறுத்தத்து டீக்கடை முன்னால்தான். போனில் அவள் குரல் கேட்டதும் மன்னிப்பு மறந்துபோய், பாடம் வந்துவிட்டது. பிரெஞ்சில் தொடங்கி லத்தீன்வரை போனேன்.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவியபடியே, “ஏனுங்க சார், சம்சாரத்தைக் கூப்புடறதுக்கு இத்தனை பாசை வேணுங்களா?” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். “எல்லாஞ் சரிங்க,” என்றாள். “யாரு யாருகிட்ட வரோணும்னு அந்த அகராதியில போட்டிருக்குதுங்களா?”

போட்டிருக்கவில்லை. “நானே வாரேன்” என்றேன். மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் வந்த பஸ்ஸில் ஏறினேன். பாதி மலை இறங்குவதற்குள் எலுமிச்சம்பழத்தின் அருமை தெரிந்தது. வாந்தி எடுத்த சட்டையோடு போய் நின்றேன். துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

இதை மகள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மலை வீட்டுச் சாவி டீக்கடைக்காரரிடம் இருக்கிறது. இங்கே வெயில் தாங்கவில்லை. அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.