தகட்டின் நாலாவது வரி

எனக்குக் கதை கட்டத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில்தான் எழுத்துக் கற்றேன். நடந்ததை நடந்தபடி எழுதுவதற்கே என் கைக்கு மூச்சு வாங்குகிறது. இதில் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. 2012 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. அயர்லாந்தில் லீட்ரிம் பக்கம், யூஜின் கில்ரேன் என்பவரின் கொட்டகையில் நடந்தது.

முதலில் அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் அள்ளும் வாளி, பின்னால் தோண்டும் கை வைத்த பழைய பொக்லைன். இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டறை மொத்தமே முப்பத்தொன்றுதான் செய்தது. பிறகு பட்டறையே மூடிப் போயிற்று. அதில் பதினேழாம் எண் வண்டியை நான் ஒன்பது வருடம் ஓட்டினேன். கடைசி மூன்று வருடம் என் மகன் கஹல் பள்ளத்தில் இறங்கிக் குழாய் பதித்தான்.

ஓட்டுபவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு தகடு அடித்திருக்கும். எனக்கு அதைப் படிக்க வராது. எனக்கு எழுத்தே தெரியாது என்பதை ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்திருந்தேன். கஹலுக்கு மட்டும் தெரியும். கடிதமோ மருந்துப் புட்டியோ, விரலை எழுத்துக்குக் கீழே ஓட்டி அவன்தான் படித்துச் சொல்வான். மனிதர் சொன்னால் நான் கேட்கிற ஆள் இல்லை. அச்சில் போட்டிருக்கிறது என்றால் மறுபேச்சு பேசமாட்டேன். படிக்காதவனுடைய பயம் அது.

1991 மார்ச். மழையில் ஊறிய சதுப்பு நிலம். தோண்டும் கை இன்னும் கொஞ்சம் எட்டட்டும் என்று வண்டியின் தாங்குகால்களைப் பள்ளத்தின் விளிம்பிலேயே ஊன்றினேன். எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். வண்டியை ஒருமுறை நகர்த்துகிற வேலை மிச்சம். கஹல் தகட்டைத் தொட்டுக் காட்டினான்.

"விளிம்புல இருந்து ஒரு கஜம் தள்ளி நிறுத்தணும்னு போட்டிருக்குப்பா."

"வேற என்ன போட்டிருக்கு?"

"ஓட்டுறவருதான் மத்தியானச் சாப்பாடு வாங்கித் தரணுமாம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். எல்லாமே கேலி என்று நினைத்துவிட்டேன். அவன் இறங்கினான். பதினொன்று நாற்பதுக்குப் பள்ளத்தின் பக்கச் சுவர் சரிந்தது. அவனுக்கு வயது பத்தொன்பது.

விபத்து என்று எழுதினார்கள். வண்டியின் சொந்தக்காரர்கள் அதை விற்றுவிட்டார்கள். எனக்கு ஒரே ஒரு கேள்வி மிஞ்சியது. அந்தக் 'கஜம் தள்ளி' தகட்டில் இருந்ததா, இல்லையா? இருந்தது என்றால் என் மகனைக் கொன்றது நான்.

அதைப் படிக்கத்தான் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நான் எழுதிய முதல் கடிதம் ஒரு பழைய இயந்திரப் பத்திரிகைக்கு. இந்த வண்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள் என்று கேட்டேன். டைனோசரைத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஒருவர் பதில் போட்டார். பதினான்கு மாதம் கழித்து வில்பிரட் ஆட்டி என்பவர் எழுதினார். அந்தப் பட்டறையில் தகடு அடித்தவரே அவர்தான். பதினேழாம் எண் யூஜினிடம் இருக்கிறது, தகட்டின் நகலையும் பழைய காகிதங்களில் தேடி அனுப்புகிறேன் என்றார். எனக்கு நகல் வரும்வரை பொறுக்கவில்லை. யூஜினின் கொட்டகைக்கே போய்விட்டேன்.

யூஜின் என்னை மேலும் கீழும் பார்த்தார். "துருப்பிடிச்ச வண்டியப் பாக்க கல்யாணச் சட்டையா, மலாக்கி?"

பதினொரு வருடமாக ஓடவில்லை, பேட்டரியே இல்லை என்றார். கொட்டகை முழுக்கக் கோழிகள் அடையுமாம். வண்டிமேல் மட்டும் ஒன்றும் ஏறாதாம். தேநீர் போட உள்ளே போனார்.

மணி 4.10. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நான் பற்றவைத்த ஒட்டு தோண்டும் கையில் அப்படியே இருந்தது. என் வண்டிதான்.

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். மண். ஈர மண். கூரை ஒழுகவில்லை. தரை காய்ந்த சிமெண்ட்.

4.18. ஏறி உட்கார்ந்தேன். இருக்கை... சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல.

4.25. டார்ச்சைத் தகட்டில் அடித்தேன். எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். முதல் வரி எண்ணெய். இரண்டாவது எடை. மூன்றாவது டயர்க் காற்று.

அதற்குக் கீழே சேறு. கட்டைவிரலால் துடைத்தேன்.

நாலாவது வரி இருந்தது.

முதல் சொல்லிலேயே திக்கினேன். கண் மங்கியது. அப்போது... எழுத்துக்குக் கீழே ஈரமாக ஒரு கோடு. மெதுவாக நகர்ந்தது. நான் நின்றால் நின்றது.

"மெல்லப்பா."

பக்கத்திலிருந்து வரவில்லை. கீழேயிருந்து வந்தது. ஓர் ஆள் ஆழத்திலிருந்து.

படித்தேன். விளிம்பிலிருந்து... ஒரு கஜம்... தள்ளி நிறுத்தவும்.

தொப்.

தொப்... தொப்...

மண் விழுகிற சத்தம்.

"கஹல்," என்றேன்.

சத்தம் நின்றது. 4.31.

தேநீரோடு யூஜின் வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து சிமெண்டைத் தடவிக்கொண்டிருந்தேனாம். ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார். அடுத்த ஒன்பது நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. கொன்றது நான்தான் என்று தெரிந்துபோயிற்றே.

பத்தாம் நாள் ஆட்டியின் கடிதம் வந்தது. தகட்டின் நகல் உள்ளே. எண்ணெய், எடை, டயர்க் காற்று. மூன்றே வரி. முப்பத்தொரு வண்டியிலும் இதே தகடுதான், என் கையாலேயே அடித்தேன் என்று எழுதியிருந்தார்.

பதினொரு தடவை படித்தேன். பள்ளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்படியானால் அன்றைக்குக் கஹல் எதையும் படிக்கவில்லை. அவனுக்குப் பள்ளத்தைப் பார்த்துப் பயம். பயமாக இருக்கிறது என்று சொன்னால் நான் கேட்கமாட்டேன் என்று தெரியும். அச்சில் இருக்கிறது என்றால்தான் கேட்பேன் என்றும் தெரியும். அதனால்தான்...

யூஜினுக்குப் போன் போட்டேன். தகட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஆறு நிமிடம் கழித்து மறுபடி போனுக்கு வந்தார்.

"மூணு வரிதான், மலாக்கி."

"அதுக்குக் கீழ?"



"ஈர மண்ணு. விரலால இழுத்த மாதிரி. நேத்தும் துடைச்சேன். முந்தாநாளும் துடைச்சேன். மறுபடியும் இருக்கு."

"இனிமே துடைக்காதீங்க, யூஜின்," என்றேன்.