அக்காளும் அவர் வாசித்த இருவரும்

எங்கள் அக்காள் இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்களோடு இருக்க வந்த உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், தங்கையாகிய நான் அறிந்த அளவில் அவர் வாழ்க்கையை எழுதித் தருகிறேன்.

அக்காள் ஆட்டையாம்பட்டியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. அம்மா காலமான பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். பிறகு இராசிபுரத்தில் வாழ்க்கைப்பட்டார். மாமாவுக்குத் தறி, அக்காளுக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றிக் கொடுக்கும் வேலை. இரண்டு குழந்தைகள் பிறந்து ஒன்றே தங்கியது.

திருச்செங்கோட்டுத் தேருக்குப் போயிருந்தபோது மாமா ஒரு மகானின் பாடல் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தார். குழந்தையைப் பறிகொடுத்த வருஷம் அது. அழுகைக்கு நடுவே அதைத்தான் வாசித்தார். தையல் விட்டு ஏடுகள் தனித்தனியாகும் வரை வாசித்தார். பிறகு அதே நடையில் தாமும் பாடல் கட்டலானார். சனிக்கிழமை பஜனையில் அவை பாடப்பட்டன. “இது ஏதோ பழைய பாட்டுங்க” என்று வெளியூர்க்காரர் யாராவது சொன்னால் அக்காளுக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

பள்ளிக்கூட வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு மாதப் பத்திரிகை வரும். அதில் ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோலக் கட்டுரை எழுதுவார். பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லத் துணியாததைக் கடவுளிடம் பாடாதே என்று ஒரு மாதம் எழுதியிருந்தார். அக்காளை அது விடவில்லை. “நான் பாடறது என் பேச்சா, அந்த மகான் பேச்சா?” என்று என்னிடமே கேட்டார்.

யுத்தத்துக்கு முந்திய கோடையில் வடக்குத் தெருவில் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் கிணறு வற்றிவிட்டது. பஜனை மடத்துக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை அவர்கள் தொடக் கூடாது. யாராவது இரங்கிச் சேந்தி ஊற்றும் வரை குடத்தோடு வெயிலில் நிற்பார்கள். அந்தச் சனிக்கிழமை, கடவுள் முன்னால் மேல் கீழ் இல்லை என்ற அக்காளின் பாடலைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்காள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார்.

“நிறுத்துங்க. அவுங்க வெளிய குடத்தோட நிக்கறாங்க. அவுங்களும் தண்ணி சேந்திக்கட்டும். இல்லீனா இந்தப் பாட்டு வேண்டாமுங்க.”

ஊர்ப் பெரியதனக்காரர், “பாட்டைப் பாட்டோட உட்டுரோணும், அம்மிணி” என்றார்.

“பாடறதுக்கு மட்டும்னா மகானுங்க எழுதியிருக்கவே மாட்டாங்க.”

மறுநாள் காலையில் மடத்துக் கிணற்றடியில் வடக்குத் தெருப் பெண்களிடம் வாளிக் கயிற்றை நீட்டினார். அவர்கள் பின்வாங்கினார்கள். “வேண்டாஞ் சாமி, எங்களுக்குத்தான் அடி உழுகும்.” தம் கொள்கைக்கு அவர்கள் அடி வாங்குவது நியாயமல்ல என்று அக்காளுக்கு அப்போது புரிந்தது. அன்றிலிருந்து மழை வரும் வரை தாமே சேந்தி ஊற்றினார்.

பஜனையில் அவர் பாடல்கள் நின்றன. மாமாவுக்கு நெய்யப் பாவு நூல் தர ஆளில்லை. தறி சும்மா கிடந்தது. உறவினர்கள் வந்து மாமாவை ஏசினார்கள். “பாட்டு நல்லா இருக்குதுன்னு நானுந்தானே தலையாட்டுனேன். இப்ப எப்பிடி வேண்டாம்பேன்?” என்றார் அவர்.

அந்தக் கோடையில்தான் அக்காளின் எழுத்து மாறியது. அந்த மகானின் நடையும் பெரிய வார்த்தைகளும் போய்விட்டன. ‘கை எரியுது சாமி, தண்ணி குளிருது’ என்று தொடங்கும் பாடல் அப்போது எழுதியது. முன்பு நிறையக் கட்டியவர், பிறகு எப்போதாவதுதான் எழுதினார்.

அடுத்த வறட்சியில் பெரியதனக்காரரே ஓர் ஆளை வைத்து வடக்குத் தெருவுக்குத் தண்ணீர் ஊற்றச் செய்தார். மாமாவுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் கயிறு அவர்கள் கைக்குப் போகவில்லை. அக்காள் அதைக் கடைசி வரை குறையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிக் காய்ச்சலில் அந்த மகானின் பாடல்களை வாசிக்கச் சொன்னார். “இவரைத்தான் உட்டுட்டீங்களே, அக்கா” என்றேன்.

“உட்டனா? இவரு பேச்சைக் கேட்டுத்தான் இவராட்டம் எழுதறதை உட்டேன்.”

தறிக்கு நூல் கிடைக்காத இந்த யுத்த நாட்களிலும் அக்காளின் வைத்தியத்துக்கு உதவிய நெசவாளக் குடும்பங்களுக்கும், வேளை தவறாமல் வந்து பார்த்த வைத்தியருக்கும், பால் அனுப்பிய பெரியதனக்காரர் வீட்டாருக்கும், இறுதி நாளில் அக்காளின் பாடலைப் பாடிய பஜனைக் குழுவினருக்கும் நன்றி.

சுடுகாடு வரை நடந்து வந்த வடக்குத் தெருப் பெண்களுக்கு வாசிக்கத் தெரியாது. ஆகவே அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அங்கே போய்ப் படித்துக் காட்டினேன்.

“நாங்க பயந்ததையும் எழுதிப்போட்டீங்களே” என்றார் அவர்களில் மூத்தவர்.

“எடுத்துரட்டுங்களா?” என்று கேட்டேன்.

“இருக்கட்டுங்க. அந்தம்மா இருந்தா எடுக்க உடமாட்டாங்க” என்றார்.

அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.