கால்வாய் ஓரத்துப் பொன்னாங்கண்ணி

ஓசூருக்குக் குடிவந்த புதிது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரம் பொன்னாங்கண்ணி தளதளவென்று மண்டிக்கிடந்தது. எங்கள் திருநெல்வேலியில் வாய்க்கால் கரையில் பறிப்பதுபோலவே பறித்து, பொரியல் செய்து, கணவரின் சாப்பாட்டு டப்பாவில் வைத்தனுப்பினேன்.

கிள்ளிப்போட்ட தண்டுகளைப் பார்த்த பக்கத்து வீட்டு மஞ்சுளா பதறினாள். "ஐயோ அக்கா, அது ஃபேக்டரி தண்ணி வர்ற கால்வா! நாங்க மாட்டுக்குக்கூட அறுக்க மாட்டோம்!"

கணவர் வேலை பார்க்கும் கம்பெனி வாசலுக்கு ஓடினேன். "மெஷின் லைன் ஓடறப்ப யாரையும் கூப்பிட முடியாதும்மா, போனும் உள்ள கொண்டுபோக விடறதில்ல" என்றார் செக்யூரிட்டி. சாப்பாட்டுச் சங்கு ஊதியது. கேட் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். சாப்பாட்டு நேரத்திலும் யாரையும் வெளியே விடவில்லை.

மாலையில் வெளியே வந்தவர், "கேன்டீன்ல இன்னைக்கு பிரியாணி போட்டாங்க" என்று திறக்காத டப்பாவை நீட்டினார்.

இப்போது சந்தையில்தான் கீரை வாங்குகிறேன். எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று கேட்பேன். "நமக்கெப்படிம்மா தெரியும்? மண்டியில எடுக்கறோம்" என்பார்கள். அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் வாங்கி வருகிறேன்.